தேதி இருக்கும் பக்கம்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷத்தில் 14 சிறுகதைகள் எழுதிவிட்டேன். பத்திரிகைகளுக்கும் போட்டிகளுக்கும் அனுப்பியதில் ஒன்றுகூடத் தேறவில்லை, பதிலும் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நண்பர்கள் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள். என்ன குறை என்றே பிடிபடவில்லை. எந்தெந்தப் புத்தகம் படிக்க வேண்டும்? ஏதாவது பயிற்சி வகுப்பில் சேரலாமா? பதினைந்தாவது கதையை எப்படி எழுதினால் தேர்வாகும்? கடைசியாக எழுதிய கதையை இணைத்திருக்கிறேன். தயங்காமல் சொல்லவும்.

பதில்:

தம்பி, பதினைந்தாவது கதையை இப்போதைக்கு எழுத வேண்டாம். அனுப்பியிருக்கிறீர்களே, இந்தப் பதினான்காவதையே நீங்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை. கோபப்படாதீர்கள், தயங்காமல் சொல்லச் சொன்னது நீங்கள்தான். (மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா என்றே எழுதலாம். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். முதல் ஆறு வருஷம் புரூஃப், அப்புறம் எடிட்டிங். சொந்தமாக ஒரு கதைகூட எழுதியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கதையை இரண்டு முறை படித்தேன். ஆறு பக்கம். முதல் பத்தியை இங்கே அப்படியே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும் என்பதால்:

"மாலை நேரத்துச் சூரியன் தன் பொற்கதிர்களைச் சுருட்டிக்கொண்டு மேற்கு மலைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தான். பறவைகள் தங்கள் கூடுகளை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அந்த மருந்துக் கடையின் வாசலில் ஒரு முதியவர் வந்து நின்றார். அவரது கண்களில் சொல்லமுடியாத சோகம் குடிகொண்டிருந்தது. வறுமை அவரை வாட்டி வதைக்கிறது என்பது பார்த்தவுடனேயே முருகனுக்குப் புரிந்தது."

பிழை என்று பார்த்தால் இதில் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கட்டுரையாக இருந்தால் பத்துக்கு எட்டு போடுவார்கள். ஆனால் இதை எழுத நீங்கள் தேவையே இல்லை. மருந்துக் கடைக்குள் ஒருநாளும் நின்று பார்க்காத ஒருவர் சென்னையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பொற்கதிர், கூடு திரும்பும் பறவை, குடிகொண்ட சோகம், வாட்டி வதைக்கும் வறுமை, இதெல்லாம் வாடகைக்கு எடுத்த அண்டா மாதிரி. விசேஷத்துக்கு உதவும், ஆனால் அதில் நம் வீட்டுப் பெயர் வெட்டியிருக்காது. பத்திரிகை அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இருபது கதைகளைப் பிரிக்கிற ஆள், மூன்றாவது வரியில் இந்த அண்டாவைப் பார்த்ததும் அடுத்த கதைக்குப் போய்விடுவார். பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான், சதி எதுவும் இல்லை.

சூரியன் மறைவதை எழுதவே கூடாதா என்றால், எழுதலாம். ஆனால் உங்கள் ஊர்ச் சூரியனை எழுதுங்கள். மலையடிவார ஊர்களில் வெயில் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே மலைக்குப் பின்னால் போய்விடும், வெளிச்சம் மட்டும் பாக்கி இருக்கும். லைட்டைப் போடவா வேண்டாமா என்று கடைக்காரர் யோசிக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அது உங்களுக்குத் தெரியும். பொற்கதிர் உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

சரி, இப்போது நல்ல செய்தி. மூன்றாம் பக்கத்தின் நடுவில், நீங்களே கவனிக்காமல் இரண்டு வாக்கியங்கள் எழுதியிருக்கிறீர்கள்:

"பத்து மாத்திரை உள்ள அட்டையில் நாலு மட்டும் வெட்டித் தரச் சொன்னார். தேதி இருக்கும் பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கத்திலிருந்துதான் வெட்டுவோம்."

இதைப் படித்ததும் எழுந்துபோய் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதியாக வெட்டின அட்டை மூன்று கிடந்தது. மூன்றிலும் தேதி இல்லை. எத்தனையோ வருஷமாக மருந்துக் கடைக்குப் போகிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. மிச்சத்தை அடுத்த ஆளுக்கு விற்க வேண்டுமே, அதனால் காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் கடைக்காரர் பக்கம் நிற்கின்றன. முழு அட்டை வாங்கக் காசு உள்ளவருக்குத் தேதி போகும். நாலு மாத்திரைக்காரருக்குத் தேதி இல்லாத பக்கம்தான். முதல் பத்தியில் "வாட்டி வதைக்கும் வறுமை" என்று முயன்று சொல்ல முடியாததை இந்த இரண்டு வாக்கியம் வறுமை என்ற சொல்லே இல்லாமல் சொல்லிவிட்டது. உங்கள் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டரைப் பக்கம் நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டது, அவ்வளவுதான். அது தப்பில்லை, எழுதுகிறவர்கள் எல்லோரும் செருமுவார்கள், அனுப்புவதற்கு முன்னால் அதை வெட்டிவிடுவார்கள்.

நான் கைவைத்தால் ஆரம்பம் ஏறக்குறைய இப்படி வரும்:

"நாலு மட்டும் வெட்டுங்க தம்பி, மிச்சத்த நாளைக்கு வாங்கிக்கிடுதேன்" என்றார் பெரியவர். முருகன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். தேதி பதித்திருந்த ஓரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு எதிர் ஓரத்தில் கத்திரியை வைத்தான்.

இதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், இது என் கை. சூரியன் போய்விட்டது, பறவை போய்விட்டது, சோகமும் வறுமையும் போய்விட்டன, ஆனாலும் எதுவும் குறையவில்லை என்பதைக் காட்டத்தான் எழுதினேன். கத்திரியை எங்கே தொங்கவிட்டிருப்பீர்கள், வெட்டின மாத்திரையை எந்தக் கவரில் போடுவீர்கள், கவரின்மேல் காலை இரவு என்று எப்படிக் குறித்துக் கொடுப்பீர்கள், எழுத்துத் தெரியாதவருக்கு என்ன அடையாளம் போடுவீர்கள், இதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. கதை எழுத உட்கார்ந்தால் மட்டும் இதையெல்லாம் கடையிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள்.

அடுத்தது, கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெரியவர் வாங்குவது சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும். இவை இரண்டும் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்படியிருக்க, கையில் காசில்லாத மனிதர் ஏன் உங்கள் கடைக்கு வந்து நாலு நாலாக வாங்குகிறார்? படிக்கிறவர் கட்டாயம் கேட்பார். உங்கள் ஊர் ஆள் என்றால் முதல் வரியிலேயே கேட்பார். கவர்மெண்ட் மாத்திரையில் பவர் இல்லை என்று நம்புகிறவரா? ஒரு காலத்தில் அந்த ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொன்ன மனிதர், இன்று ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கக் கூசுகிறாரா? வீட்டுக்கு மாத்திரை வந்தால் மருமகளுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாரா? அல்லது அந்த மாத்திரை அவருக்கே இல்லையா? இதற்குப் பதில் கண்டுபிடிக்கிற அன்றைக்குத்தான் உங்களுக்குப் பெரியவர் யார் என்று தெரியும். இப்போது அவர் வெறும் "ஒரு முதியவர்".

அவருடைய பேச்சுக்கு வருவோம். உங்கள் கதையில் அவர் சொல்கிறார்: "தம்பி, என்னிடம் போதுமான பணம் இல்லை, ஆகையால் நான்கு மாத்திரைகள் மட்டும் தாருங்கள்." அம்பாசமுத்திரத்தில் யார் இப்படிப் பேசி நீங்கள் கேட்டீர்கள்? ஊரே "வாரேன், போறேன், செய்யுதேன்" என்று பேசிக்கொண்டிருக்க, உங்கள் பெரியவர் மட்டும் ஆகையால் என்கிறார். இன்னொன்று, காசு இல்லாதவர் காசு இல்லை என்று சொல்லவே மாட்டார். மிச்சத்த நாளைக்கு வாங்கிக்கிடுதேன் என்பார், இல்லாவிட்டால் ஏற்கெனவே வீட்டில் கொஞ்சம் கிடக்கு என்பார். அந்தப் பொய்யை நீங்கள் தினமும் கேட்டிருப்பீர்கள். பேச்சில் வட்டார வழக்கு என்றால் ஒவ்வொரு சொல்லையும் நசுக்கி எழுத வேண்டும் என்று அர்த்தம் இல்லை, அப்படி எழுதினால் வேறு ஊர்க்காரர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும், இரண்டு வரியில் களைத்துவிடுவார். வினைமுற்றிலும் கூப்பிடுகிற சொல்லிலும் ஊர் வந்துவிட்டால் போதும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. புரூஃப் பார்க்கச் சேர்ந்த புதிதில், தென்மாவட்டத்து எழுத்தாளர் ஒருவரின் தொகுப்பு என் மேஜைக்கு வந்தது. அதில் "கிழவி பைய எழுந்தாள்" என்று இருந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம், பைய எனக்குத் தெரியாது, அச்சுப்பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் "மெல்ல" என்று மாற்றிவிட்டேன். மொத்தம் பதினேழு இடம். புரூஃப் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பசையினள் பைய நகும். குறள் 1098. வள்ளுவரையும் திருத்திவிடுங்கள்." அன்றிலிருந்து தெரியாத சொல்லைக் கண்டால் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். உங்களுக்கு இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கொச்சை என்று நினைத்து ஒதுக்குகிற சொல் பலதும் இரண்டாயிரம் வருஷப் பழக்கத்தில் இருப்பது. கி. ராஜநாராயணன் கரிசல் பக்கத்துச் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார், கொச்சை என்று நினைத்திருந்தால் அந்த வேலையைச் செய்திருப்பாரா?

இனி வாக்கியத்துக்கு வருகிறேன், இதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும். உங்கள் ஆறு பக்கத்தில் "கொண்டிருந்தான், கொண்டிருந்தது, கொண்டிருந்தார்" என்று 38 தடவை வருகிறது, பென்சிலால் எண்ணினேன். நின்றுகொண்டிருந்தார், பார்த்துக்கொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான். நின்றார், பார்த்தான், யோசித்தான் என்றால் போதாதா? ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வந்தால்தான் "கொண்டிருந்தான்" வேண்டும்: பில் போட்டுக்கொண்டிருந்தான், கரண்ட் போனது. மற்ற இடத்திலெல்லாம் அது மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கட்டை.

அப்புறம் "ஒரு". முருகன் ஒரு பெருமூச்சு விட்டான், ஒரு நிமிடம் யோசித்தான், ஒரு முடிவுக்கு வந்தான். இரண்டு பெருமூச்சு விடவா போகிறான்? மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். "மாத்திரை அவரிடம் கொடுக்கப்பட்டது" என்று ஓரிடத்தில் இருக்கிறது. கொடுத்தது முருகன்தானே, முருகன் கொடுத்தான் என்று எழுதுவதில் என்ன தயக்கம்? அரசாங்க உத்தரவில்தான் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள், எல்லாம் செய்யப்படும்.

ஒற்றுப்பிழைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், அதைப் பார்க்க என்னைப்போல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அர்த்தமே மாறுகிற இடத்தில் மட்டும் கவனம். நாலாம் பக்கத்தில் முருகன் "வேலைத் தேடி" சென்னைக்குப் போகிறான். வேலை தேடிப் போனால் உத்தியோகம், வேலைத் தேடிப் போனால் முருகன் தன் வேலாயுதத்தைத் தொலைத்துவிட்டான் என்று அர்த்தம். பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைத்தது அது இல்லை. போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், மணமும் மனமும் மாறிமாறி வருகின்றன. அந்தக் கீபோர்டு முதலில் எதைக் காட்டுகிறதோ அதை அமுக்கிவிட்டுப் போகிற பழக்கத்தால் வருவது இது. தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டைப் பழகிக்கொள்ளுங்கள், கொஞ்ச நாள் கை தடுமாறும், அப்புறம் எழுத்தை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதல் பதிப்பு வந்தது, 2008-இலும் 2020-இலும் விரித்துக் கொண்டுவந்தார்கள். சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டும் என்பதால் கதை எழுதுகிறவருக்கு ரொம்ப உபயோகம்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் திருத்த உட்காராதீர்கள். கதையை மூன்று வாரம் தொடாமல் வைத்துவிடுங்கள். பிறகு போனிலேயே எழுத்தை வாசித்துக்காட்டுகிற வசதி இருக்கிறது, தமிழும் வாசிக்கும், அதில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு உங்கள்மேல் பிரியம் கிடையாது, உணர்ச்சி கொட்டி வாசிக்காது, 38 கொண்டிருந்தானும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும். எங்கெங்கே கூச்சமாக இருக்கிறதோ அங்கே ஒரு கோடு. அப்புறம் பழைய ஃபைலைத் திறந்து ஒட்டுப்போடாமல், வெற்றுத் தாளில் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுங்கள். இது எல்லோருக்கும் கசக்கிற யோசனை, நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பத்தில் ஒருவர் செய்தால் அதிகம். ஆனால் ஒட்டுப்போட்டால் பொற்கதிரை "மஞ்சள் கதிர்" ஆக்குவீர்கள், புதிதாக எழுதினால் கை வலிக்கும் என்பதாலேயே சூரியனை விட்டுவிடுவீர்கள்.

வாட்ஸ்அப் நண்பர்களைக் குறை சொல்லாதீர்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள், கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரிதானே? உங்கள்மேல் அவ்வளவாகப் பிரியம் இல்லாத, ஆனால் கதை படிக்கிற ஒருவரைப் பிடியுங்கள். நல்லாருக்கா என்று கேட்காமல், "படிக்கும்போது எந்த இடத்தில் போனை எடுத்தீங்க?" என்று கேளுங்கள். அந்த இடத்தில் குறி போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், காரணத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன், பட்டியல் வாங்கினவர்கள் பட்டியலைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். புதுமைப்பித்தன் கதைகள் அரசுடைமையானவை, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, நெல்லைப் பேச்சைக் கதைக்குள் எப்படி உட்காரவைப்பது என்பதை உங்கள் பக்கத்து ஆளுக்கு அவரைவிட நன்றாகக் காட்டித்தரக்கூடியவர் இல்லை. ஏதாவது ஒரு கதையை எடுத்து, படிப்பதோடு நிறுத்தாமல், கையால் முழுக்கப் பார்த்து எழுதுங்கள். எங்கே முற்றுப்புள்ளி வைக்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டுகிறார் என்பது கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது. வகுப்பில் சேர்வது உங்கள் விருப்பம். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து உங்கள் கதையைக் கிழிக்கவிடுகிற இடமாக இருந்தால் போங்கள், சான்றிதழ் தருகிற இடமாக இருந்தால் அந்தக் காசுக்கு ஊர் நூலகத்தில் சந்தா கட்டிவிட்டு மீதியில் டீ குடிக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 14 கதை கையில் இருக்கிறது என்று தெரிந்தால், தொகுப்பாகப் போடலாம், அச்சுச் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று யாராவது போன் செய்வார்கள். கட்டாதீர்கள். பெட்டி பெட்டியாகப் புத்தகம் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பவும் வேண்டாம், இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு இடத்திலும் அதுதான் உங்கள் கடைசிக் கதை.

முடிவைப் பற்றிக் கடைசியாக. ஆறாம் பக்கத்தில் பெரியவர் இறந்துபோகிறார், செய்தி கேட்டு முருகன் கதறி அழுகிறான். புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கதையை எங்கே முடிப்பது என்று தெரியாதபோது யாராவது சாகிறார்கள், என் மேஜையில் இந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை சாவு விழுந்திருக்கிறது என்று கணக்கே இல்லை. பெரியவரை விட்டுவிடுங்கள், பாவம், அவர் எங்கேயோ போகட்டும். மறுநாள் வருகிறேன் என்றவர் வரவில்லை, அவ்வளவு போதும். எனக்கு இரண்டு நாளாக மண்டையைக் குடைவது அந்த மிச்ச ஆறு மாத்திரைதான். தேதி உள்ள பக்கம், கடையிலேயே கிடக்கிறதே, அதை முருகன் என்ன செய்தான்? அடுத்து வந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டானா, இல்லை டப்பாவுக்குள் தனியாக எடுத்துவைத்தானா? வைத்திருந்தால் எத்தனை நாள்? கடையில் நிற்கிறவர் நீங்கள், எனக்குத் தெரியாது. திரும்ப எழுதினதும் அனுப்புங்கள். யூனிகோடில் வேர்ட் ஃபைலாக, பிடிஎஃப் வேண்டாம்.